வலிக்கு ஒரு கட்டம்

சிறுநீரகம் செய்ய வேண்டிய இரத்தச் சுத்திகரிப்பை இயந்திரம் செய்வதுதான் டயாலிசிஸ்; ஒவ்வொரு முறை அது தொடங்கும்போதும் எனக்காக ஒரு தாள் எடுத்து வைக்கப்படும். வரும்போது இருந்த எடை, ட்ரை வெயிட் (தேங்கிய நீர் நீங்கிய பின் இருக்க வேண்டிய எடை), எடுக்க வேண்டிய நீரின் அளவு, இரத்த அழுத்தம், நாடித் துடிப்பு, உடல் வெப்பம், இரத்தம் உறையாமலிருக்கக் கொடுக்கும் ஹெப்பாரின் அளவு என்று அதில் வரிசையாகக் கட்டங்கள் இருக்கும். நான்கு மணி நேரமும் செவிலியர் வந்து வந்து அவற்றை நிரப்பிக்கொண்டிருப்பார். வாரத்துக்கு மூன்று முறை, ஆறு ஆண்டுகள் என்று கணக்கிட்டால், தொள்ளாயிரத்துக்கும் மேற்பட்ட தாள்கள் என் பெயரில் நிரம்பியிருக்கின்றன. அவற்றில் ஒன்றிலும் வலிக்கென்று ஒரு கட்டம் இருந்ததில்லை.

இதைக் குறையாகச் சொல்வதற்கு முன் என் பங்கையும் சொல்லிவிட வேண்டும். "ஒன்றும் தொந்தரவு இல்லையே அம்மா?" என்று செவிலியர் கேட்பது உண்டு. "இல்லை" என்ற விடை அந்தக் கேள்விக்குள்ளேயே உட்கார்ந்திருக்கிறது; நானும் முதல் இரண்டு ஆண்டுகள் அந்த விடையைத்தான் கொடுத்துவந்தேன். உயிரைப் பிடித்து நிறுத்தியிருக்கும் இயந்திரத்தின் பக்கத்தில் படுத்துக்கொண்டு, அதை இயக்குபவர்களிடமே வலிக்கிறது என்று முறையிடுவது நன்றிகெட்ட செயலாகத் தோன்றியது. சுற்றியிருந்த கட்டில்களிலும் எல்லோரும் கண்ணை மூடிப் பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்ததால், டயாலிசிஸ் என்றால் இப்படித்தான் போலும் என்று நானே முடிவுகட்டிக்கொண்டேன்.

நான் மட்டும் அப்படி இருந்தேன் என்றும் சொல்ல முடியாது. கனடாவில் ஹீமோடயாலிசிஸ், அதாவது என்னைப்போல இயந்திரத்தில் இரத்தச் சுத்திகரிப்பு, செய்துகொள்ளும் 205 பேரிடம் நடத்தப்பட்டு 2003-இல் வெளியான ஆய்வு ஒன்றில், அவர்களில் சரிபாதிப் பேர் தமக்கு வலி இருப்பதாகச் சொன்னார்கள். அப்படிச் சொன்னவர்களில் ஏறத்தாழ முக்கால்வாசிப் பேருக்கு அந்த வலிக்கு ஏற்ற மருத்துவம் கிடைக்கவில்லை. கேட்டபோதுதான் சொன்னார்கள் என்பதை நான் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன்.

எல்லா நோவையும் "வலி" என்ற ஒரே சொல்லுக்குள் போட்டு அடைத்துவிடுகிறோம். ஆனால் நம் மொழியில் குத்தல் வேறு, குடைச்சல் வேறு, இழுப்பு வேறு, எரிச்சல் வேறு, தெறிப்பு வேறு, கடுப்பு வேறு. டயாலிசிஸ் நோயாளிக்கு இந்த வேறுபாடு மிகவும் தேவைப்படும், ஏனென்றால் ஒவ்வொன்றுக்கும் பின்னால் தனித்தனிக் காரணம் இருக்கிறது. அவற்றில் பலவற்றுக்குச் செய்யக்கூடியது ஏதோ ஒன்றும் இருக்கிறது. "வலிக்கிறது" என்று மட்டும் சொன்ன நாள்களில் எனக்குக் கிடைத்தது ஒரு பாராசிட்டமால் மாத்திரை. "மூன்றாவது மணி நேரத்தில், இடது கெண்டைக்காலில், இழுத்துப் பிடிக்கிறது" என்று சொன்ன நாளில் மருத்துவர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

முதலில் குத்தல். மணிக்கட்டிலோ முழங்கை அருகிலோ தமனியையும் சிரையையும் அறுவை செய்து இணைத்து ஃபிஸ்டுலா அமைக்கிறார்கள். தமனியின் வேகமான ஓட்டம் சிரைக்குள் பாயப் பாய, சில வாரங்களில் அந்தச் சிரை தடித்துப் பருத்து, திரும்பத் திரும்ப ஊசி தாங்கும் நிலைக்கு வருகிறது. நிமிடத்துக்கு 300 முதல் 400 மில்லி லிட்டர் இரத்தம் வெளியே வந்து சுத்தமாகித் திரும்ப வேண்டும் என்பதால் மெல்லிய ஊசி உதவாது. பயன்படுத்தும் ஊசிகள் ஏறத்தாழ 1.5 முதல் 1.8 மில்லி மீட்டர் தடிமன் கொண்டவை. இரத்தப் பரிசோதனைக்குக் குத்தும் ஊசியைப்போல் இரு மடங்கு. இரத்தத்தை எடுக்க ஒன்று, திருப்பிச் செலுத்த ஒன்று. ஒரு முறைக்கு 2, வாரத்துக்கு 6, ஆண்டுக்கு 312. பழகிவிடும் என்று எல்லோரும் சொல்வார்கள். எனக்குக் கை பழகியது, மனம் பழகவில்லை. டெக்னீஷியன் கையுறை மாட்டும் ஓசை கேட்டாலே இன்றும் என் தோள் இறுகிக்கொள்கிறது.

இந்தக் குத்தலைக் குறைக்க வழி இருக்கிறது என்பதையே இரண்டாம் ஆண்டில்தான் அறிந்தேன், அதுவும் பக்கத்துக் கட்டில்காரர் சொல்லி. லிடோகெய்னும் பிரிலோகெய்னும் கலந்த களிம்பை ஊசி போடுவதற்குக் குறைந்தது ஒரு மணி நேரம் முன்பே தடவி மூடி வைத்தால், தோல் நன்றாக மரத்துப்போகிறது. மையத்துக்கு வந்த பிறகு அவசரமாகத் தடவிப் பத்து நிமிடத்தில் குத்தினால் பயனில்லை. வீட்டிலேயே தடவிக்கொண்டு புறப்பட வேண்டும், ஊசிக்கு முன் துடைத்துக் கையை நன்றாகக் கழுவவும் வேண்டும். மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் முதல் மாதத்திலேயே எழுதிக் கொடுத்திருப்பார். அந்த இரண்டு ஆண்டுகளின் அறுநூற்றுச் சொச்சம் ஊசிகளை நினைக்கும்போது எனக்கு இன்னும் ஆற்றாமையாக இருக்கிறது.

குத்தும் இடத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஒரே இடத்தில் விடாமல் குத்தினால் நாளடைவில் அந்த இடம் மரத்து வலி குறைகிறது. அதனாலேயே "இங்கேயே போடுங்கள் சிஸ்டர்" என்று நோயாளிகள் கெஞ்சுவதைப் பார்க்கிறேன், நானும் கெஞ்சியிருக்கிறேன். ஆனால் அங்கே இரத்தக் குழாயின் சுவர் நைந்து, பலூன்போலப் புடைத்து, ஃபிஸ்டுலாவுக்கே கேடு வந்துவிடும். குழாயின் நீளம் முழுவதும் ஏணிப்படிபோல இடத்தை மாற்றி மாற்றிக் குத்துவது குழாய்க்கு நல்லது, நோயாளிக்குச் சற்று வலி கூடுதல். பொத்தான் துளை முறை என்று இன்னொன்றும் உண்டு: ஒரே துளை, ஒரே கோணம், ஒரே ஆழம் என்று சில வாரங்கள் குத்தி ஒரு சிறு பாதை உருவான பின், முனை மழுங்கிய ஊசியை அதன் வழியே செலுத்துவது. அந்தப் பாதையில் கிருமி தங்கும் ஆபத்து அதிகம் என்பதால், சுத்தத்தில் சிறிதும் தவறாதவர்களுக்கே அது பொருந்தும்.

ஊசி சரியாக உட்கார்ந்துவிட்டால் அதன் பிறகு பெரிதாக வலிக்கக் கூடாது. இந்த ஒரு வரியை யாராவது எனக்கு முன்பே சொல்லியிருக்க வேண்டும். ஒரு நாள் பம்ப் ஓடத் தொடங்கிய பின்னும் திரும்பும் ஊசியின் பக்கத்தில் எரிச்சல் நிற்காமல் இருந்தது. வழக்கம்போல வாயை மூடிக்கொண்டு படுத்திருந்தேன். ஊசி குழாயின் அடிச் சுவரைத் துளைத்து வெளியே போயிருக்கிறது. இரத்தம் சதைக்குள் இறங்கிக்கொண்டிருந்தது. நான் கண்ணைத் திறந்து பார்த்தபோது முன்கை பருத்துப் பளபளத்தது. அடுத்த இரண்டு வாரங்கள் முழங்கையிலிருந்து விரல் வரை கருநீலம். அந்தக் கையில் ஊசி போட முடியாமல் கழுத்தில் தற்காலிகக் குழாய் வைத்தார்கள். உடனே சொல்லியிருந்தால் பம்பை நிறுத்திப் பனிக்கட்டி ஒத்தடத்தோடு முடிந்திருக்கும்.

இந்த ஊசிகளை நான் வெறுத்த காலத்தில், இவை வருவதற்கு முன்பு என்ன இருந்தது என்று தேடிப் படித்தேன். வில்லெம் கோல்ஃப் என்ற டச்சு மருத்துவர் 1943-இல், போர்க்காலத்தில், சுழலும் உருளையைச் சுற்றி செல்லோஃபேன் குழாயைச் சுற்றிச் செயற்கைச் சிறுநீரகம் ஒன்றைச் செய்தார். அப்போதெல்லாம் ஒவ்வொரு முறையும் இரத்தக் குழாயைப் புதிதாகத் திறந்தாக வேண்டும்; சில முறைகளிலேயே திறப்பதற்குக் குழாய்கள் தீர்ந்துவிடும். 1960-இல் சியாட்டில் நகரில் பெல்டிங் ஸ்க்ரிப்னர் டெஃப்லான் குழாயைக் கையிலேயே நிலையாகப் பொருத்திவிட்ட பிறகுதான், சிறுநீரகம் முற்றிலும் செயலிழந்தவர்கள் ஆண்டுக்கணக்கில் உயிர் வாழ முடிந்தது. வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் குழாய் இல்லாத இப்போதைய ஃபிஸ்டுலாவை பிரெஷியாவும் சிமினோவும் தம் குழுவினரும் 1966-இல் அறிவித்தார்கள். கையில் காதை வைத்தால் கேட்கும் அந்த "ஸ்ஸ்" ஓசையின் மேல் அன்றிலிருந்து எனக்கு மரியாதை உண்டு. மரியாதை இருக்கிறது என்பதற்காகக் குத்தலைச் சொல்லாமல் விடவேண்டும் என்ற எண்ணம் மட்டும் இப்போது இல்லை.

அடுத்தது இழுப்பு. ஊசியைவிட நான் அஞ்சுவது இதற்குத்தான். இரண்டரை மணி நேரம் கடந்த பிறகு, எந்த முன்னறிவிப்பும் இல்லாமல், கெண்டைக்கால் சதை உருண்டு கல்லாகிவிடும். கால் விரல்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி முறுக்கிக்கொள்ளும். சில நாள்களில் விலாவிலும் கையிலும்கூடப் பிடித்துக்கொள்ளும். இரண்டு ஊசிகள் குத்தியிருக்கும் கையை அசைக்கக் கூடாது, காலையோ நீட்டவும் முடியாது மடக்கவும் முடியாது. பெரிய ஆண்மகன்கள் குழந்தைபோல அலறியதைக் கேட்டிருக்கிறேன்.

இயந்திரம் நீரை நேரடியாக இரத்தத்திலிருந்துதான் எடுக்கிறது. சதையிலும் தோலடியிலும் தேங்கியிருக்கும் நீர் மெல்ல மெல்லத்தான் இரத்தத்துக்குள் வந்து அந்த இடத்தை நிரப்பும். எடுக்கும் வேகம் நிரம்பும் வேகத்தை மிஞ்சினால் இரத்த ஓட்டம் சுருங்கி, அழுத்தம் இறங்கி, தசைகள் பட்டினி கிடந்து இறுகுகின்றன. ஒரு கிலோ எடைக்கு, ஒரு மணி நேரத்தில், 13 மில்லி லிட்டருக்கு மேல் எடுக்காமல் இருப்பது நல்லது என்று பொதுவாகச் சொல்கிறார்கள். 60 கிலோ எடையுள்ளவருக்கு நான்கு மணி நேரத்தில் இது மூன்று லிட்டரைச் சற்றுத் தாண்டும். இரண்டு நாள் இடைவெளிக்குப் பிறகு நான்கு லிட்டர் ஏற்றிக்கொண்டு வந்து, அதே நான்கு மணி நேரத்தில் முழுவதையும் எடுத்துவிடச் சொன்னால் உடல் பொறுக்காது. இழுப்பு வந்ததும் நீர் எடுப்பதை நிறுத்தி, சிறிது உப்புநீர் ஏற்றி, பாதத்தைப் பிடித்து முகத்தை நோக்கி மடக்கினால் சில நிமிடங்களில் சதை தளரும். நீரைக் குறைவாகக் குடி என்ற அறிவுரை சரியானதுதான். ஆனால் நா வறண்டு ஒட்டிக்கொள்ளும் தாகத்தை அறியாதவர்கள் அதைக் கடிந்து சொல்லும்போது எனக்குக் கண்ணில் நீர் வந்துவிடும். உப்பைக் குறைக்காமல் நீரை மட்டும் குறைப்பது யாராலும் முடியாது என்பதைச் சேர்த்துச் சொன்னால்தான் அந்த அறிவுரைக்குப் பொருள் உண்டு.

என் இழுப்புக்கு நான் குடித்த நீர் மட்டுமே காரணமாக இருக்கவில்லை. மூன்றாம் ஆண்டின் நடுவில், எடை அதிகம் ஏறாத நாள்களிலும் இழுப்பு வரத் தொடங்கியது. கட்டுப்பாடாக இல்லை என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள், என்னையும் சேர்த்து. உண்மையில் அந்த மாதங்களில் எனக்குப் பசி திரும்பி, உடம்பில் சதை பிடித்திருந்தது. தாளில் இருந்த ட்ரை வெயிட்டோ பழையதாகவே இருந்தது. அந்தப் பழைய எண்ணை எட்டுவதற்காக, என் உடம்பில் இல்லாத நீரை இயந்திரம் பிழிந்துகொண்டிருந்தது. மருத்துவர் ட்ரை வெயிட்டை ஒன்றரைக் கிலோ உயர்த்தி, டயாலிசிஸ் திரவத்தின் வெப்பத்தையும் சிறிது குறைத்தார். அந்த மாதமே இழுப்பு அரிதாகிவிட்டது. ஒன்றரைக் கிலோவுக்காக நான் ஐந்து மாதம் துடித்திருக்கிறேன்.

கடுப்பைப் பற்றிப் பக்கத்துக் கட்டில் ஐயாவிடமிருந்து தெரிந்துகொண்டேன். களிம்பைப் பற்றி எனக்குச் சொன்னவரும் அவர்தான். டயாலிசிஸ் ஓடும்போதெல்லாம் ஃபிஸ்டுலா இருக்கும் கையின் விரல்களைத் துண்டால் சுற்றிக்கொள்வார். "ஏன் ஐயா, குளிரா?" என்று ஒரு நாள் கேட்டேன். "விரல் மட்டும் ஐஸ் மாதிரி ஆகிக் கடுக்கும் அம்மா. எல்லாருக்கும் அப்படித்தானே?" என்றார். எல்லோருக்கும் அப்படி இல்லை. விரல்களுக்குப் போக வேண்டிய இரத்தத்தை ஃபிஸ்டுலா தன் பக்கம் இழுத்துக்கொள்வதால் வரும் கடுப்பு அது. கவனிக்காமல் விட்டால் விரல் நீலமாகிப் புண்ணாகவும் கூடும். நான் செவிலியரிடம் சொன்னேன், அவர் மருத்துவரிடம் சொன்னார், ஐயாவை அறுவை மருத்துவர் பார்த்து ஃபிஸ்டுலாவின் ஓட்டத்தைச் சீரமைத்தார். ஓராண்டாக அந்தத் துண்டு எல்லோர் கண்முன்னும்தான் இருந்தது.

தலையில் விண்விண்ணென்ற தெறிப்பு பலருக்கும் வருகிறது; இரத்தத்தில் உள்ள யூரியா என்ற கழிவும் நீரும் வேகமாக மாறுவதும் இரத்த அழுத்தம் ஏறி இறங்குவதும் அதற்குக் காரணங்கள். புதிதாகத் தொடங்குபவர்களுக்கு முதல் சில முறைகள் குறைந்த நேரம், மெதுவாக ஓட்டுவது இதனால்தான். நெஞ்சில் வலியோ இறுக்கமோ தோன்றினால் மட்டும், வேறு எதுவும் யோசிக்காமல், அந்த நொடியே குரல் கொடுக்க வேண்டும்.

வீட்டுக்கு வந்த பிறகு தொடங்கும் நோவுகளை மையத்தில் யாரும் காண்பதில்லை. சிறுநீரகம் வேலை செய்யாததால் பாஸ்பரஸ் தேங்குகிறது; கழுத்தில் உள்ள பாராதைராய்டு சுரப்பிகள் அளவுக்கு மீறி வேலை செய்து எலும்பிலிருந்து கால்சியத்தை உருவுகின்றன; இடுப்பிலும் முதுகிலும் குடைச்சல் அப்படித்தான் வருகிறது. பாஸ்பரஸைக் கட்டுப்படுத்தச் சாப்பாட்டோடு விழுங்கச் சொல்லும் மாத்திரையை நான் பல நாள் அலட்சியமாக விட்டிருக்கிறேன், அந்த மாத்திரைக்கும் என் இடுப்புக்கும் தொடர்பு இருப்பது தெரியாமல். பல ஆண்டுகள் டயாலிசிஸில் இருப்பவர்களுக்கு ஒருவகைப் புரதம் மூட்டுகளில் படிந்து தோளில் வலியும், மணிக்கட்டு நரம்பு அழுந்தி விரல்களில் மரத்த உணர்வும் வருவதுண்டு. பாதத்தில் எரிச்சல் நரம்புகளின் சேதத்தால். இரவில் கால்களைச் சும்மா வைத்திருக்க முடியாத ஒரு தவிப்பும் உண்டு. இரும்புச் சத்துக் குறைவு அதை மிகுதியாக்கும். இவற்றோடு அரிப்பு. அதை வலி என்று எண்ணிப் பார்க்காதவர்கள், முதுகு முழுவதும் இரத்தக் கோடுகளோடு விடியும்வரை உட்கார்ந்திருப்பவரைப் பார்க்க வேண்டும். அதற்கும் மருந்து இருக்கிறது. சொரியாதே என்று மட்டும் சொல்லி நிறுத்திவிடக் கூடாது.

வலி தாங்காமல் கடையில் மாத்திரை வாங்கி விழுங்கும் பழக்கத்தைப் பற்றி எழுதாமல் இருக்க முடியவில்லை. இபுபுரூஃபென், டைக்ளோஃபெனாக் போன்றவை எஞ்சியிருக்கும் கொஞ்சநஞ்சச் சிறுநீரையும் நிறுத்திவிடக்கூடும். ஹெப்பாரின் ஏறும் உடம்பில் வயிற்றில் இரத்தக் கசிவு ஏற்படும் ஆபத்தும் கூடுகிறது. பாராசிட்டமால் அளவோடு எடுத்தால் பொதுவாகப் பாதுகாப்பானது. கடும் வலிக்குக் கொடுக்கும் மார்ஃபின், கோடீன் ஆகியவை உடலில் சிதைந்து உருவாகும் பொருள்கள் சிறுநீரகம் வழியே வெளியேற வேண்டியவை. அந்த வழி அடைபட்டிருப்பதால் அவை தேங்கி மயக்கத்தையும் மூச்சுத் தளர்ச்சியையும் உண்டாக்கும். ஃபென்டனில், புப்ரினார்ஃபின் போன்ற மாற்றுகளை மருத்துவர்கள் அறிவார்கள். நரம்பு எரிச்சலுக்கும் அரிப்புக்கும் தரும் கபாபென்டின் நல்ல மருந்துதான், ஆனால் நமக்கு மிகச் சிறிய அளவில், பெரும்பாலும் டயாலிசிஸ் முடிந்த பின் கொடுப்பார்கள். மற்றவர்களுக்கு எழுதும் அளவை எடுத்துக்கொண்டால் தள்ளாட்டமும் பிதற்றலும் வந்துவிடும். எந்த மருத்துவரிடம் போனாலும், பல் மருத்துவராக இருந்தாலும், "நான் டயாலிசிஸ் செய்துகொள்கிறேன்" என்பதை முதல் வாக்கியமாகச் சொல்லுங்கள்.

நான்காம் ஆண்டிலிருந்து ஒரு குறிப்பேடு வைத்திருக்கிறேன். தேதி, வலித்த இடம், தொடங்கிய நேரம், எப்படிப்பட்ட வலி, பத்துக்கு எத்தனை, அன்று எடுத்த நீர், பழைய நிலைக்குத் திரும்ப ஆன மணி நேரம் ஆகியவற்றுக்குக் கோடு போட்டு நானே கட்டங்கள் வரைந்தேன். மாதம் ஒரு முறை மருத்துவரிடம் நீட்டுகிறேன். முதலில் வியப்பாகப் பார்த்தார். இப்போது அவரே கேட்டு வாங்குகிறார். எல்லா வலியும் போய்விடவில்லை. இடுப்புக் குடைச்சல் அப்படியே இருக்கிறது, மழை நாளில் கூடுகிறது. ஆனால் அது எங்கிருந்து வருகிறது என்று தெரிந்த பிறகு, நள்ளிரவில் அதோடு விழித்திருப்பது முன்பைவிடத் தாங்கக்கூடியதாக இருக்கிறது.

சென்ற வாரம் எதிர்க்கட்டிலுக்குப் புதிதாக ஒரு பையன் வந்தான், இருபது வயதுகூட இருக்காது. கழுத்துக் குழாய் எடுக்கப்பட்டு, அன்றுதான் ஃபிஸ்டுலாவில் முதல் ஊசி. டெக்னீஷியன் தட்டை வைத்துவிட்டுக் கை கழுவப் போயிருந்தார். "ரொம்ப வலிக்குமா அக்கா?" என்று கேட்டான். அவனுடைய அம்மா அவசரமாக, "அதெல்லாம் ஒன்றும் இருக்காதுடா" என்றார். நான் அவனைப் பார்த்து, "வலிக்கும் தம்பி. தோலைத் தாண்டும்போது சுருக்கென்று இருக்கும், அப்புறம் குறைந்துவிடும். உள்ளே போன பிறகும் எரிந்துகொண்டே இருந்தால் உடனே சொல்லு, எரியும் இடத்தை மறு கையால் தொட்டுக் காட்டு. அடுத்த முறைக்குக் களிம்பு எழுதித் தரச் சொல்லி நாம் கேட்போம்" என்றேன். முதல் ஊசிக்கு அவன் முகம் சுளித்தான். இரண்டாவது போட்டுப் பம்ப் ஓடத் தொடங்கிய சிறிது நேரத்தில், "சிஸ்டர், இங்கே எரிகிறது" என்று தொட்டுக் காட்டினான். செவிலியர் வந்து ஒட்டியிருந்த பிளாஸ்திரியைப் பிரித்து, ஊசியின் கோணத்தைச் சற்றுத் திருத்தினார். "இப்போது?" என்று கேட்டார். அவன் கொஞ்சம் பொறுத்திருந்து பார்த்துவிட்டுத் தலையசைத்தான்.